பதிவு நேரங்களை மட்டும் வைத்து ஒருவருடைய அன்றாட வாழ்க்கையைக் கண்டறிய முடியுமா?

கேள்வி: மலையடிவாரம் (காத்ர் போர்ன், மொரீஷியஸ்)

அனைவருக்கும் வணக்கம். ஒப்பந்தத் தொழிலாளர்களாக இத்தீவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைப் பேசும் ஓர் இணையக் குழுவில் சில ஆண்டுகளாகப் புனைபெயரில் எழுதி வருகிறேன். என் பெயர், ஊர், வேலை எதையும் அங்கே நான் குறிப்பிட்டதில்லை. ஒரு படம்கூட இட்டதில்லை. அண்மையில் பழைய கப்பல் பட்டியல்கள் பற்றிய ஒரு விவாதத்தில் என்னோடு கடுமையாக முரண்பட்ட ஒருவர் தனிச்செய்தி ஒன்றை அனுப்பினார். அதில் என் வாழ்க்கை ஒரு வரைபடமாக இருந்தது.

நான் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மணி அளவில் தூங்கி ஏழு மணி அளவில் எழுகிறேன் என்றும், வேலை நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு இடைவேளை எடுக்கிறேன் என்றும், அந்த இடைவேளை அக்டோபர் கடைசியில் நான்கு மணிக்கு நகர்ந்து மார்ச் கடைசியில் மீண்டும் மூன்று மணிக்குத் திரும்புகிறது என்றும், ஆகவே பிரான்ஸ் நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பணிபுரியும், எபேன் நகரில் உள்ள அலுவலகம் ஒன்றில் நான் இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாட்களில் மாலை நேரங்களில் நான் எழுதுவதில்லை, பூசத்தன்று முற்றிலும் மௌனமாக இருக்கிறேன், எனவே விரதமிருந்து காவடி எடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதும் அவருடைய முடிவு. ஒன்றுகூடத் தவறில்லை.

அவர் என் கணக்கை உடைத்து உள்ளே புகுந்தாரா, அல்லது எல்லோருக்கும் தெரியும் பதிவு நேரங்களே இதற்குப் போதுமா? போதும் என்றால், எழுதுவதை நிறுத்தாமல் என்னைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம்? நான் இரவில் தனியாகப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருபவள் என்பதால் இதை அச்சத்தோடுதான் கேட்கிறேன்.

பதில் 1: எண்கணக்கு (போர்ட் லூயிஸ்)

சகோதரிக்கு வணக்கம். தரவுப் பகுப்பாய்வு என் தொழில் என்பதால் முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கணக்கை யாரும் உடைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. பதிவு நேரங்கள் போதும். அவர் செய்தது ஒரு விரிதாளில் ஒரு மாலைப் பொழுதில் முடியக்கூடிய வேலை.

இதன் அடிப்படை வெறுமை நேரம். ஒருவருடைய பதிவுகளை எல்லாம் 24 மணி நேரத்தின் மீது அடுக்கினால், எங்கே ஒன்றுமே விழவில்லை என்பதுதான் முதலில் கண்ணில் படும். முப்பது பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை நாள் முழுவதும் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறி விழுந்திருந்தால், குறிப்பிட்ட ஓர் ஆறு மணி நேரம் முழுக்கக் காலியாக இருப்பதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. எந்த ஆறு மணி நேரமாக இருந்தாலும் சரி என்று தளர்த்திக் கணக்கிட்டாலும் அது நூற்றில் ஒன்றை எட்டாது. ஆகவே முப்பது பதிவுகளிலேயே தூக்கம் தெரிந்துவிடும். உங்களைப் போல ஆண்டுக்கணக்கில் எழுதுபவருக்கு அது அரை மணி நேரத் துல்லியத்துக்கு வந்துவிடும்.

இதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ. அவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. தன்னை ஜப்பானில் வாழ்பவராகக் காட்டிக்கொண்டார். ஸ்டெஃபான் தாமஸ் என்ற சுவிஸ் மென்பொருளாளர் நகமோட்டோவின் 500க்கும் மேற்பட்ட பதிவுகளின் நேரங்களை வரைபடமாக்கியபோது, கிரீன்விச் நேரப்படி காலை 5 முதல் 11 வரை ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பது தெரிந்தது. ஜப்பானில் அது பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை. சனி ஞாயிறுகளிலும் அதே வெறுமை. பட்டப்பகலில் நாள்தோறும் தூங்கும் ஒருவரைக் கற்பனை செய்வதைவிட, அமெரிக்கக் கண்டத்தில் இரவில் தூங்கும் ஒருவரைக் கற்பனை செய்வது எளிது. தன் அடையாளத்தை அவ்வளவு கவனமாக மறைத்த மனிதரால் தன் தூக்கத்தை மறைக்க முடியவில்லை.

ஆனால் தூக்கம் தரும் செய்தி நேர வலயம் வரைதான் செல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் 2014இல் ஏபிடி28 என்ற ஊடுருவல் குழுவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், அக்குழுவின் தீநிரல்களில் (கணினிகளுக்குக் கேடு செய்யும் நிரல்களில்) 89 சதவீதத்துக்கும் மேல் கிரீன்விச்சுக்கு நான்கு மணி நேரம் முன்னே உள்ள வலயத்தின் காலை 8 முதல் மாலை 6 வரையிலான நேரத்தில் இயங்கும் வடிவுக்குத் தொகுக்கப்பட்டவை என்று கண்டறிந்தது. அக்காலத்தில் மாஸ்கோவின் நேரம் அதுதான். நம் தீவின் நேரமும் அதுதான்! ரீயூனியன், சேஷெல்ஸ், துபாய், ஓமான் எல்லாம் அதே வலயத்தில் உள்ளன. கடிகாரம் மட்டும் யாரையும் மாஸ்கோவில் நிறுத்திவிடாது என்பதால் அந்நிறுவனம் வேறு சான்றுகளையும் சேர்த்தே தன் முடிவுக்கு வந்தது.

உங்கள் விஷயத்தில் அந்த வேறு சான்று எங்கிருந்து வந்தது என்றால், கடிகார மாற்றத்திலிருந்து வந்தது. மொரீஷியஸில் 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை ஒரே ஒரு பருவம் கடிகாரத்தை முன்னே நகர்த்திப் பார்த்தார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள். பிரான்ஸிலோ ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முன்னேயும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு பின்னேயும் நகர்கிறது. அதனால் பாரிஸ் நமக்குக் கோடையில் இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. பாரிஸில் ஒரு மணி என்றால் இங்கே மூன்று அல்லது நான்கு. உங்கள் தூக்கம் நகராமல் இடைவேளை மட்டும் அந்த இரு ஞாயிறுகளை ஒட்டி நகர்கிறது என்றால், உங்கள் உடல் இந்தியப் பெருங்கடலிலும் உங்கள் வேலை ஐரோப்பாவிலும் இருப்பதாகப் படிப்பவர் புரிந்துகொள்வார். எபேன் என்பது அவருடைய ஊகம். அந்த வகை வேலை அங்கே குவிந்திருப்பதால் ஊகம் பலித்துவிட்டது.

மூன்றாவது சான்று தைப்பூசம். அது நம் நாட்டில் பொது விடுமுறை. ரீயூனியனிலும் துபாயிலும் அப்படி இல்லை. ஒருவருடைய வேலைநாள் வடிவம் தைப்பூசத்தன்று ஞாயிற்றுக்கிழமை போல மாறினால், அதே வலயத்தில் உள்ள மற்ற நாடுகள் பெரும்பாலும் விலகிவிடும். அதற்கு முந்தைய பத்து மாலைகளும் மாறினால், விடுமுறையைக் கோவிலில் கழிப்பவர் என்பதும் தெரிந்துவிடும். பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் தீவில் இப்படி மூன்று சல்லடைகளைக் கடந்து மிஞ்சுபவர்கள் மிகச் சிலர்தான்.

பெருந்திரளிலும் இது வேலை செய்கிறது. கோல்டர், மேசி ஆகிய இரு கார்னெல் ஆய்வாளர்கள் 2011இல் சயன்ஸ் இதழில் 84 நாடுகளைச் சேர்ந்த 24 லட்சம் பேரின் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், விடுமுறை நாட்களில் காலை உற்சாகத்தின் உச்சம் சுமார் இரண்டு மணி நேரம் தாமதமாவதைக் காட்டினார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அப்போது வெள்ளியும் சனியும் விடுமுறை; அங்கே அந்த நாட்களின் வடிவமே விடுமுறை வடிவமாகத் தெரிந்தது. எந்தக் கிழமையில் ஒரு நாடு அயர்ந்து தூங்குகிறது என்பதைப் பதிவுகளே சொல்லிவிட்டன.

பதில் 2: கரும்புக்காடு (சேன் ஆந்த்ரே, ரீயூனியன்)

அக்காவுக்கு வணக்கம். எண்கணக்கு ஐயா கணக்கைச் சொல்லிவிட்டதால் நான் சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். "நீங்களே வெளிப்படையாக எழுதியதைத்தானே பார்த்தேன்" என்று அந்த நபர் சொல்லக்கூடும். அந்த வாதம் ஐரோப்பாவில் அவ்வளவு எளிதாக நிற்காது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 1 அன்று லிதுவேனியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், நேரடியாகச் சொல்லப்படாத அந்தரங்கச் செய்தியும் வேறு தகவல்களிலிருந்து ஊகித்து அறியக்கூடியதாக இருந்தால் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதே என்று தீர்ப்பளித்தது. மனைவி அல்லது கணவரின் பெயரை வெளியிடுவதன் மூலம் ஒருவருடைய பாலியல் நாட்டம் தெரிந்துவிடும் என்பதே அங்கே எழுந்த கேள்வி. மத நம்பிக்கையும் அதே பாதுகாப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே பதிவு நேரங்களிலிருந்து விரதத்தைக் கண்டுபிடித்து எழுதிவைப்பது, வெறும் மணிக்கணக்கை எழுதிவைப்பதைக் காட்டிலும் கனமான செயல். ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி என்பதால் எங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

உங்கள் நாட்டில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அது ஐரோப்பிய விதிகளை ஒட்டி எழுதப்பட்டது, மத நம்பிக்கையைச் சிறப்பு வகைத் தரவாகவே கருதுகிறது. ஆனால் ஒரு தனிமனிதர் முற்றிலும் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகச் செய்வதற்கு அச்சட்டம் பொருந்தாது. அவர் அந்த வரைபடத்தைத் தன் கணினியிலேயே வைத்திருந்தார் என்றால் அந்த விலக்கின் பின்னால் அவர் ஒளியலாம். அதை இணையத்தில் எல்லோரும் காண வெளியிட்டால் நிலைமை மாறும் என்பது ஐரோப்பாவில் 2003 நவம்பர் 6 அன்றே முடிவான விஷயம். தன் தேவாலயத்தில் உடன் பணியாற்றியவர்களைப் பற்றித் தன் இணையப் பக்கத்தில் எழுதிய ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி ஒருவரின் வழக்கில், எண்ணற்றோர் பார்க்கக்கூடிய இடத்தில் வெளியிடுவது வீட்டு நோக்கம் ஆகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. உங்கள் நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும் வழக்கறிஞர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்ட முடியும்.

எனவே அந்தத் தனிச்செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குழு நடத்துபவர்களுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள், இரண்டாவது செய்தி வந்தால் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். விவாதத்தில் தோற்ற ஒருவர் "நீ எப்போது வீடு திரும்புகிறாய் என்று எனக்குத் தெரியும்" என்ற பொருள்பட எழுதுவது மிரட்டல்தான். அதற்கு ஆய்வு என்ற பெயரைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பதில் 3: அவரைப்பந்தல் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வணக்கம். எங்கள் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைச் சொன்னால் இது எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். 2022, 2023 ஆண்டுகளில் எஸ்காம் மின்வாரியம் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தியபோது, ஒவ்வொரு பகுதிக்கும் எந்த மணிக்கு மின்சாரம் போகும் என்ற அட்டவணை முன்கூட்டியே வெளியாகும். மக்கள் சமைக்கவும் தண்ணீர் காய்ச்சவும் அந்த அட்டவணை தேவை. அதை வெளியிட்டதில் குற்றமில்லை. ஆனால் மின்சாரம் போனால் வீட்டு வைஃபையும் போகும். வீட்டிலிருந்து எழுதும் ஒருவருடைய மௌனங்களைச் சில வாரங்கள் குறித்துவைத்து, அட்டவணையோடு ஒப்பிட்டால், அவர் எந்த மின்தொகுதியில் வாழ்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும். மின்தொகுதி என்பது ஒரே நேரத்தில் மின்சாரம் நிறுத்தப்படும் சில குடியிருப்புப் பகுதிகள்தான். இங்கே நேர வலயம் சில குடியிருப்புப் பகுதிகளாகச் சுருங்கிவிடுகிறது. கைபேசித் தரவில் எழுதுபவர்களிடம் இது அவ்வளவாகப் பலிக்காது. வீட்டு இணைப்பையே நம்பியிருக்கும் முதியவர்களிடம் நன்றாகப் பலிக்கும். உங்கள் தீவில் புயல் எச்சரிக்கை நாட்களில் சில பகுதிகளில் மட்டும் மின்சாரம் போவதும் அதே வேலையைச் செய்யும் என்று நினைக்கிறேன்.

கைபேசி இருப்பிடத் தரவில் இதற்கு அளவே எடுத்திருக்கிறார்கள். 15 லட்சம் பேரின் 15 மாதத் தரவை ஆராய்ந்து 2013இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, எந்த மணியில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்ற நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப் போதும்.

இனி மறுபக்கம். உங்களைப் பற்றி அவர் சொன்னவை எல்லாம் சரியாக இருந்தன என்பதால் இந்த முறை எப்போதும் சரியாக இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் தாதி. என் பதிவுகளைப் பார்ப்பவர் நான் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்கிறேன் என்றோ, தூக்கம் கெட்டவள் என்றோ, வேலையில்லாதவள் என்றோ முடிவு கட்டலாம். வயதான மாமியாரை இரவெல்லாம் கவனிக்கும் மருமகளின் பதிவுகளும் என்னுடையவற்றைப் போலத்தான் தோன்றும். ஒரே கணக்கைக் கணவனும் மனைவியும் பயன்படுத்தினால் தூங்காத ஒரு மனிதர் தோன்றுவார். மௌனத்துக்குக் காரணம் விரதமாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், பிள்ளையின் தேர்வாக இருக்கலாம். நேரம் "எப்போது" என்பதை உறுதியாகச் சொல்லும். "ஏன்" என்பதை எப்போதும் பார்ப்பவர்தான் தன் மனத்திலிருந்து எடுத்து வைக்கிறார். இந்த வேறுபாட்டை வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் காப்பீட்டுக்காரர்களும் மறந்தால் எத்தனை பேருக்கு அநீதி நேரும் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

மலையடிவாரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கரும்புக்காடு தம்பி சொன்னபடி படமெடுத்து வைத்து, குழு நடத்துபவர்களுக்கும் எழுதிவிட்டேன். இனி எழுதியதும் வெளியிடாமல், ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின்னாகத் தாமதித்து வெளியிடலாம் என்று எண்ணுகிறேன். அது போதுமா? வாட்ஸப்பிலும் இதே ஆபத்து உண்டா?

பதில் 4: எண்கணக்கு (போர்ட் லூயிஸ்)

போதாது, சகோதரி. பூஜ்யத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை விருப்பம்போல் தாமதித்தால், உங்கள் வெறுமை நேரம் ஆறு மணியிலிருந்து நான்கு மணியாகச் சுருங்கும், அவ்வளவுதான். பதிவுகள் பெருகப் பெருகத் தாமதங்கள் சராசரியில் கரைந்து, அடியில் உள்ள வடிவம் மீண்டும் மேலே வந்துவிடும். எப்போதும் ஒரே அளவு தாமதித்தால் அதுவும் வீண்: முழு வரைபடமும் அந்த அளவு நகருமே தவிர வடிவம் குலையாது.

பலன் தருவது ஒன்றுதான். எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதியவற்றைச் சேர்த்துவைத்து நாள்தோறும் ஒரே குறிப்பிட்ட நேரத்தில், தானியங்கி முறையில் வெளியிடுங்கள். அப்போது எல்லாப் பதிவுகளும் ஒரே புள்ளியில் விழும். அந்தப் புள்ளியில் உங்கள் தூக்கமும் இல்லை, இடைவேளையும் இல்லை. தைப்பூச நாட்களுக்காக முன்பே எழுதிய இரண்டு மூன்று பதிவுகளை வரிசையில் வைத்துவிட்டால் அந்த மௌனமும் மறையும். இதில் கடினமான பகுதி மறுமொழிகள். யாராவது கேட்ட கேள்விக்கு மூன்று நிமிடத்தில் நீங்கள் பதில் எழுதினால், அந்த நிமிடத்தில் விழித்திருந்தீர்கள் என்பது உறுதியாகிவிடும். விருப்பக்குறி இடுவதும் அப்படியே. உரையாடலின் சூடு ஆறிவிடும் என்பது உண்மையான இழப்பு; அதை ஏற்பதா இல்லையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாட்ஸப்பிலும் ஆபத்து உண்டு. அங்கே எதுவும் எழுதாமலே, இணைப்பில் இருப்பதைக் காட்டும் குறியைக் கொண்டே தூக்கத்தைக் கணிக்க முடியும். 2016இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு மென்பொருளாளர் ஃபேஸ்புக் மெசஞ்சரில் நண்பர்கள் கடைசியாக இயங்கிய நேரங்களைத் தானாகச் சேகரித்து, அவர்களுடைய தூக்க நேரங்களை வரைந்து காட்டினார். வாட்ஸப்பில் கடைசியாகப் பார்த்த நேரத்தை மறைக்கும் வசதி நெடுங்காலமாக இருக்கிறது. இப்போது இணைப்பில் இருக்கிறோம் என்பதையே மறைக்கும் வசதியும் உள்ளது, அது 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. தனியுரிமை அமைப்புகளுக்குள் சென்று இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது திறந்தே இருக்கும்.

இன்னொன்றை உங்கள் குழு நடத்துபவர்களிடம் கேளுங்கள். சுமையெல்லாம் எழுதுபவர் தலையில் மட்டும் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு வாரத்துக்கு முந்தைய பதிவுகளுக்குத் தேதியை மட்டும் காட்டி மணியையும் நிமிடத்தையும் நீக்கிவிட்டால், வரலாறு பேசும் குழுவுக்கு எந்த நட்டமும் இல்லை. இப்படி வரைபடம் போடுபவருக்கோ மூலப்பொருளே இல்லாமல் போய்விடும். பக்கத்தில் மட்டும் நீக்கினால் போதாது என்பதையும் சொல்லுங்கள். செய்தியோடையிலும் (புதிய பதிவுகளைத் தானாக எடுத்துத் தரும் ஆர்எஸ்எஸ் இணைப்பு), பக்கத்தின் மூல நிரலில் தேதியின் பின்னாலும், மின்னஞ்சல் அறிவிப்பின் தலைப்பகுதியிலும் நொடி வரையிலான நேரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உங்களுக்கு வரைபடம் அனுப்பியவர் அநேகமாகச் செய்தியோடையைத்தான் எடுத்திருப்பார்; கையால் குறித்தெடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பதில் 5: அவரைப்பந்தல் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

மலையடிவாரம் சகோதரிக்கு இன்னும் ஒரு சொல். பதிவு நேரங்களை மாற்றுவதற்கு முன்பாகவே, இந்த வாரத்திலிருந்தே, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை துணைக்கு யாரையாவது வரச் சொல்லுங்கள், அல்லது உடன் பணிபுரிபவரோடு சேர்ந்து வேறு நிறுத்தத்தில் இறங்குங்கள். இணையத்தில் ஏற்கெனவே வெளியான நேரங்களை இனித் திரும்பப் பெற முடியாது. பழைய பதிவுகளை அழித்தாலும் அவருடைய விரிதாள் அவரிடம் இருக்கும். ஆனால் அந்த விரிதாள் சொல்வது உங்கள் கடந்த ஆண்டுகளைத்தான். பணிநேரத்தை மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்க வாய்ப்பு இருந்தால், காரணத்தை முழுவதும் விளக்காவிட்டாலும், கேட்டுப் பாருங்கள்.